மான் நக்கிய மட்கார்ட்

“கையை எடு! என்ரை வண்டியிலை இருந்து கையை எடு எண்டு சொல்லுறன்!”

“அத்தான், இது வண்டியில்லை. மூண்டு நாளாக் கிடக்கிற பிரேதம். நாலு மணிக்குப் பழைய இரும்பு லொறி வருது. ஏத்திவிடப்போறம், அவ்வளவுதான்!”

“ஏத்திறதெண்டா என்னையும் சேர்த்து ஏத்து!”

உட்துறைமுக வீதியில் மதியம் இரண்டு மணிக்கு நாய்கூடக் குரைக்காது. அந்த நேரத்தில் அஞ்சலோவும், அவருடைய மனைவி றோஸின் தம்பி டிலுக்ஷனும், துறைமுகத்தில் நிற்கிற கப்பலுக்குக் கேட்கும்படி கத்தினால் பக்கத்து வீட்டுக்காரி நான் என்ன செய்வது? மற்றவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவிலுள்ள மதில் தாழ்வு. அது மேசன் விட்ட பிழை.

அஞ்சலோவுக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய ஒஸ்டின் காருக்கு அதைவிட இரண்டு கூட. ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு, எலுமிச்சம்பழ நிறம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் கலியாணப் பெண்களையும் ஏற்றி முப்பது வருடமாக அதில்தான் ஹயர் ஓடுகிறார். திங்கட்கிழமை காலை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் எஞ்சினின் சத்தம் மாறியது. அஞ்சலோ உடனே திறப்பைத் திருப்பி நிறுத்திவிட்டார். கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் பக்கீர் பாஸ் ஒயில் பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. “எஞ்சின் புளொக் வெடிச்சுத் தண்ணி ஒயிலுக்க இறங்கிட்டு. இனி இரும்புக்குத்தான்,” என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

கார் போனால் தொழில் போனது. முழங்கால் தேய்ந்த கிழவனுக்கு வேறு யார் வண்டி ஓட்டக் கொடுப்பார்கள்? கொழும்பு முகத்துவாரத்தில் றோஸின் அக்கா வீட்டில் ஓர் அறை இருக்கிறதாம். இரண்டு சூட்கேஸ் கட்டி முன்னறையில் வைத்தாயிற்று. வாடகை வீட்டுத் திறப்பை அடுத்த கிழமை திருப்பிக் கொடுக்கிறார்கள். அஞ்சலோ மூன்று நாளாகச் சாரதி ஆசனத்தை விட்டு இறங்கவில்லை, சாப்பிடவும் இல்லை. இதெல்லாம் நான் வேவு பார்த்து அறிந்ததல்ல. கொடுத்துவிட்ட இடியப்பம் அப்படியே திரும்பி வந்தது.

எனவே நான் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் எடுத்தேன்.

இரண்டே காலுக்கு சிவப்பு ஓட்டோ ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பின்னாலிருந்து குடையுடன் தம்பிராசா இறங்கினார். ஒரு காப்புறுதிக் கொம்பனிக்காக முப்பத்தொரு வருடம் மோதி நசுங்கிய வாகனங்களைப் பார்த்து, ‘திருத்து’ அல்லது ‘வெட்டு’ என்று எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு காணாமற்போன ஆடு, களவு போன சங்கிலி, கையெழுத்தில்லாத கடிதம் என்று எது கொடுத்தாலும் துப்புத் துலக்கித் தருகிறார். ஓட்டோவை ஓட்டி வந்தவள் அவருடைய உதவியாளர் கீர்த்தனி. முப்பத்திரண்டு வயது. ஓட்டோவுக்கு பிறேக் உண்டு, அவளுடைய வாய்க்கு இல்லை.

“மாமா, ஆள் உயிரோடதான் இருக்கு,” என்றாள் காருக்குள் எட்டிப் பார்த்து. “அஞ்சலோ அண்ணை, லொறிக்காரர் ஆளைச் சேர்த்து நிறுக்க மாட்டினம். இறங்குங்கோ.”

அஞ்சலோ சிரிக்கவில்லை. “தம்பிராசா, நீங்களே சொல்லுங்கோ. வெட்டத்தான் வேணுமெண்டா நீங்கள் சொல்லுங்கோ. இவன் சொல்லி நான் விடமாட்டன்.”

தம்பிராசா காரின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு புள்ளிமான், ஊருக்குள் சுற்றித் திரிகிற கூட்டத்தில் ஒன்று, இடதுபக்க மட்கார்ட்டை நக்கிக்கொண்டிருந்தது. டிலுக்ஷன் கல்லொன்றைத் தூக்கினான்.

“விடுங்கோ தம்பி,” என்றார் தம்பிராசா. “இது எப்ப தொடக்கம் வருது?”

“திங்கட்கிழமையிலை இருந்து,” என்றேன் நான் மதிலுக்கு மேலாக. “முந்தி என்ரை செவ்வரத்தைப் பூவைத்தான் தின்னிறது.”

மான் நகர்ந்ததும் அவர் குனிந்து பார்த்தார். மூன்று நாள் புழுதி படிந்த மட்கார்ட்டில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பளபளவென்று சுத்தம்.

“ஊரிலை கார் கழுவ ஆளில்லாமல் மான் வந்திருக்கு,” என்றாள் கீர்த்தனி.

பக்கீர் பாஸை அழைத்தார்கள். வந்தவர் தன் தீர்ப்பில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. “நான் நாப்பது வருசம் எஞ்சின் பாத்தவன். ரேடியேற்றர் தண்ணிதான் ஒயிலுக்க போயிருக்கு. வேற எங்கால வாற?”

தம்பிராசா கார் யன்னலருகே போனார். “அஞ்சலோ, திங்கட்கிழமை விடிய ரேடியேற்றர் பார்த்தனீங்களோ?”

“பாக்காமல் நான் எடுக்கிறதில்லை. கழுத்து மட்டும் நிரப்பினனான்.”

“பிறகு ஆராவது திறந்தவையோ?”

“கையாலை திறக்க ஏலாது. மூடி துருப்பிடிச்சுப் போச்சு. சுத்தியலாலை இரண்டு தட்டு வேணும். சுத்தியல் என்ரை சீற்றுக்குக் கீழ.”

“நீங்கள் மூண்டு நாளா அதுக்கு மேலை.”

“ஓம்.”

“எழும்புங்கோ. சுத்தியலைத் தாங்கோ.”

மூன்று நாளில் முதல் தடவையாக அஞ்சலோ எழும்பினார். கால் மரத்துப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தட்டில் மூடி திறந்தது. எல்லாரும் குனிந்தோம். நானும் எப்படியோ மதிலுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தேன்.

தண்ணீர் கழுத்து மட்டும் நின்றது.

“குடத்திலை இருந்து ஒரு துளியும் குறையேல்லை,” என்றார் தம்பிராசா. “அப்ப எஞ்சின் ஆற்றை வீட்டுத் தண்ணியைக் குடிச்சது, பாஸ்?”

பக்கீர் பாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “கொஞ்சமாக் கசிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது.”

“சரி. இரண்டு கண்ணாடிக் கிளாஸ் வேணும்.”

கிளாஸ் நான் கொடுத்தேன். ஒன்றில் ரேடியேற்றர் தண்ணீரை எடுத்தார். துருவில் ஊறிச் சிவந்து, பால் விடாமல் ஊற்றிவைத்த பிளேன்ரி போலவே இருந்தது. பிறகு பாஸைக் காருக்கு அடியில் படுக்க வைத்து, ஒயில் வெளியேற்றும் நட்டை அரைச் சுற்று இளக்கச் சொன்னார்.

“ஒயிலைவிடத் தண்ணி பாரம். மூண்டு நாள் அசையாமல் நிண்ட வண்டி. கலங்கினது போக மிச்சத் தண்ணி அடியிலை படிஞ்சிருக்கும். முதல் சொட்டுகளைப் பிடியுங்கோ.”

கிளாஸ் வெளியே வந்தது. மேலே ஓர் எண்ணெய்ப் படை, அடியில் இரண்டு விரலளவு தண்ணீர். சிவப்பில்லை. தெளிவு.

“இது ரேடியேற்றர் தண்ணியில்லை,” என்று பக்கீர் பாஸ் மெதுவாகச் சொன்னார்.

தம்பிராசா சுண்டு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். “உப்பு. மட்கார்ட்டிலை சிந்தினதும் இதுதான். மான் ஒயிலுக்கு வராது, உப்புக்குத்தான் வரும்.”

“சுனாமியிலை குடிச்ச கடலை வண்டி இப்பத்தான் துப்புதோ?” என்றாள் கீர்த்தனி.

“புளொக் வெடிக்கேல்லை. ஆரோ ஒயில் மூடியைத் திறந்து உப்புத்தண்ணி ஊத்தியிருக்கினம்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குற்றம் நடந்ததைக் கேட்டு ஒரு குடும்பம் மகிழ்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அஞ்சலோவின் முகத்தில் இரத்தம் திரும்பியது. ஆனால் பக்கீர் பாஸ் கையை உயர்த்தினார்.

“அவசரப்படாதீங்க. எவ்வளவு ஊத்தின எண்டுதான் விஷயம். ஒரு கோப்பையெண்டா கழுவி எடுக்கலாம். அண்ணன் உடனே நிப்பாட்டினது நல்லது. ஆனா வாளிக் கணக்கில கடல் தண்ணியெண்டா, மூண்டு நாளில உள்ளுக்க எல்லாம் தின்னிருக்கும். பிறகு திருத்தினாலும் மலை ஏறாது. இரும்புதான்.”

“மிச்சத் தண்ணி ஒயிலோட கலந்து போச்சு, அளக்க ஏலாது,” என்றார் தம்பிராசா. “ஊத்தின கைக்குத்தான் தெரியும்.”

மணி மூன்று. அஞ்சலோ மெல்லத் திரும்பி டிலுக்ஷனைப் பார்த்தார். டிலுக்ஷன் மீன்பிடிக்கிறவன். கடல் அவனுக்கு வாசல் படலைக்கு வெளியே கிடக்கிறது. ‘இந்த இரும்பை வித்துப்போட்டு என்னோட மீன்பிடி போட்டுக்கு வாங்கோ அத்தான்’ என்று இரண்டு வருடமாக ஓதியவன். லொறிக்குச் சொன்னவனும் அவன்தான். வளவு முழுக்க அவனையே பார்த்தது.

“டிலு, நீயோ?” அஞ்சலோவின் குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. “நீயெண்டாச் சொல்லு. நான் ஒண்டும் செய்யமாட்டன். எவ்வளவு எண்டு மட்டும் சொல்லு.”

றோஸ் குசினி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஒரு பக்கம் புருஷன், மறு பக்கம் தம்பி.

டிலுக்ஷன் நிலத்தைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

“ஓம். நான்தான். ஒரு கோப்பைதான் ஊத்தினனான், அத்தான். அதுக்கு மேலை ஒரு சொட்டும் இல்லை.”

கீர்த்தனி அவன் முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எப்ப ஊத்தினனீர்?”

“ஞாயிற்றுக்கிழமை.”

“எப்பிடித் திறந்தனீர்?”

“சுத்தியலாலை தட்டித்தான். அதை வேற எப்பிடித் திறக்கிறது?”

“அது ரேடியேற்றர் மூடி, ராசா. ஒயில் மூடி கையாலை திறக்கும். நீர் ஊத்தின கடல் ரேடியேற்றருக்கை எல்லோ கிடக்கவேணும்? அங்கை பிளேன்ரிதான் கிடக்குது.”

டிலுக்ஷன் ரேடியேற்றரைத் திரும்பிப் பார்த்தான்.

எனக்கும் பொறுக்கவில்லை. “இவர் சனிக்கிழமை விடிய இலங்கைத்துறைக்குத் தொழிலுக்குப் போனவர். திங்கள் பின்னேரம்தான் வந்தவர். நான் பாத்துக்கொண்டிருக்கேல்லை, கண்ணிலை பட்டது.”

“பின்னை ஏன் தம்பி பொய் சொன்னனீர்?” தம்பிராசா கேட்டார்.

“ஒரு கோப்பையெண்டாத் திருத்தலாம் எண்டு பாஸ் சொன்னார்தானே?” அவன் பாஸைக் காட்டிக் கேட்டான். “ஆராவது ஊத்தினதெண்டு ஒருத்தன் சொல்லத்தானே வேணும். அத்தானை இப்பிடிப் பாக்க ஏலாமல்தான் லொறிக்கும் சொன்னனான். சாகிறதை நாளுக்கு நாள் பாக்கிறதிலும் பாக்க ஒரேயடியாப் போகட்டும் எண்டு.”

கீர்த்தனி பதிலுக்கு ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டாள். அவளை அறிந்தவர்களுக்கு அது எஞ்சின் நிற்பதைவிடப் பெரிய செய்தி. நான் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அஞ்சலோ மறுபடியும் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்தார். “விடுங்கோ தம்பிராசா. லொறி வரட்டும்.”

மணி மூன்று இருபது. தம்பிராசா பொனட்டுக்குள் தலையை விட்டவர் வெளியே எடுக்கவில்லை. பற்றரிக்கும் தகட்டுக்கும் நடுவிலிருந்து சட்டைப்பைக் கைலேஞ்சியால் எதையோ கிள்ளி எடுத்தார். நீல நிறப் பிளாஸ்ரிக். விரல் நுனியளவு. ஓரம் பல்லுப் பல்லாக, உள்ளே திருகு மரை.

“பற்பசை மூடியோ?” என்றார் பாஸ்.

“சென்ற் போத்தில் மூடி,” என்றாள் கீர்த்தனி. “குற்றவாளி வாசமான ஆள்.”

தம்பிராசா அதை நிமிர்த்தி உள்ளங்கையில் வைத்தார். பல்லுகள் மேலே நின்றன. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் யாரும் கேட்காததால் நான் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

“தங்கச்சி றோஸ்,” என்றார். “குடிக்கத் தண்ணி தருவீங்களோ? நானே உள்ளுக்கு வாறன்.”

குசினியில் பானை ஒரு மூலை, அடுப்பு ஒரு மூலை. யன்னலுக்கு மேலே தட்டில் புனிதர் சுருவமும் மெழுகுதிரியும். பக்கத்தில், மாதா உருவத்தில் செய்த ஒரு சாண் உயரப் பிளாஸ்ரிக் போத்தல். மாதாவின் தலையில் மூடியாகத் திருகுகிற கிரீடம் இல்லை. அந்த இடத்தில் பஞ்சு அடைத்திருந்தது. தம்பிராசா தண்ணீரைக் குடித்து முடித்தார். பஞ்சை எடுத்துவிட்டு நீல மூடியை வைத்துத் திருகினார். சரியாகப் பொருந்தியது. யன்னல் திறந்திருந்ததால் நான் பார்க்க நேர்ந்தது.

றோஸ் சுருவத்துக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள்.

“நான் மாதா கோயில் பள்ளிக்கூடத்திலை படிச்சனான், தங்கச்சி,” என்றார் அவர், வெளியே கேட்காத குரலில். “சுவாமியார் தண்ணியை மந்திரிக்கேக்கை உப்புப் போடுறதைப் பார்த்திருக்கிறன். எத்தினை பேர் கடலைச் சந்தேகப்பட்டம். கோயிலை ஒருத்தரும் நினைக்கேல்லை.”

“வண்டிக்குக் காய்ச்சல் எண்டு அவர் இரண்டு மாதமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சார்,” றோஸ் விம்மினாள். “ஏத்தத்திலை சூடாகுது, சூடாகுது எண்டு நித்திரையிலும் சொல்லுவார். காய்ச்சல்காரருக்கு நாங்கள் மந்திரிச்ச தண்ணிதானே குடுக்கிறம்? ஞாயிறு பூசை முடிய வாங்கிவந்தனான். பொனட்டைத் தொட ஒருத்தரையும் விடமாட்டார், அதாலை அவர் நித்திரை கொள்ளேக்கை போனன். முன் மூடி திறக்க ஏலாமல் போச்சு. மற்றது கையோட வந்துது. எல்லாம் ஒரே எஞ்சின்தானே எண்டு… அவசரத்திலை மூடியும் விழுந்து, கொஞ்சம் வெளியிலும் சிந்திப்போச்சு. நான்தான் வண்டியைச் சாகடிச்சனான் எண்டு இப்பதான் விளங்குது. நான் மாதா கைவிட்டிட்டா எண்டு மாதாவோடை கோவிச்சுக்கொண்டு இருந்தனான்.”

“முழுக்க ஊத்தினனீங்களோ?”

“இல்லை. பாதி. மற்றப் பாதி அவருக்கெண்டு வைச்சனான்.”

தம்பிராசா போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தார். மாதாவின் இடுப்பு மட்டும் தண்ணீர் நின்றது. போன பாதி ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்கும் குறைவு.

வெளியே வந்து பக்கீர் பாஸிடம் சொன்னார்: “முக்கால் கோப்பை. அளந்து பார்த்திட்டன். கழுவுங்கோ.”

“ஆர் ஊத்தின?” அஞ்சலோ கத்தினார். “ஆர்?”

“அது உங்களுக்குத் தேவையில்லை.”

“எனக்குத் தேவை!”

“நான்தான்,” என்றாள் றோஸ். வாசலில் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். “அதுக்குச் சுகமாகட்டும் எண்டுதான் ஊத்தினனான்.”

நான் ஒரு அடி பின்னுக்குப் போனேன். அஞ்சலோவின் கோபம் இந்த வீதிக்குத் தெரியும். அவர் காரிலிருந்து இறங்கி, நொண்டி நொண்டி அவளிடம் போனார். போத்தலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“முன் மூடி இறுக்கமோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“கேட்டிருக்கலாமே, றோஸ்.”

“கேட்டா விட்டிருப்பீங்களோ?”

அஞ்சலோ போத்தலைத் திறந்து மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மூன்று நாளில் முதல் தடவையாகச் சோறு கேட்டார்.

பழைய ஒயிலை வெளியே விட்டு இரண்டு தரம் கழுவி, புது ஒயில் விட்டு முடிய, நாலு மணி லொறி படலைக்கு வந்து ஹோர்ன் அடித்தது. அஞ்சலோ சாரதி ஆசனத்தில். திறப்பைத் திருப்பினார். கரகரவென்றது, நின்றது. மறுபடி. நின்றது. லொறிக்காரன் சங்கிலியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“பொறும்!” என்று டிலுக்ஷனும் கீர்த்தனியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மூன்றாம் தரம் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. பக்கீர் பாஸ் பொனட்டில் காதை வைத்துக் கண்ணை மூடினார். “தட்டுற சத்தம் இல்ல. சுத்தமா ஓடுது. மன்னிக்கோணும் அண்ணன். நான் கம்பியப் பாத்தன், ரேடியேற்றரப் பாக்கல்ல.”

லொறிக்காரன் வெறுங்கையோடு போக மாட்டேன் என்று நின்றான். டிலுக்ஷன் மாமரத்தடியில் நாலு வருடமாகச் செத்துக் கிடந்த தன்னுடைய பழைய போட் எஞ்சினைக் காட்டினான். அத்தானின் இரும்பை நையாண்டி பண்ணியவன், தன் இரும்பு ஏறிப்போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீர்த்தனி பக்கத்தில் போய் நின்றாள். நகைச்சுவை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதே தெரியும்.

அடுத்த வைகாசியில் இருவருக்கும் கலியாணம். கோவிலா தேவாலயமா என்று இரண்டு வீடும் மூன்று மாதம் பேச்சில்லாமல் இருந்து, கடைசியில் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று முடிந்தது. இரண்டுக்கும் பெண்ணை ஏற்றிப்போனது எலுமிச்சம்பழ நிற ஒஸ்டின்தான். ஓர்ஸ் ஹில்லை இரண்டாம் கியரிலேயே ஏறியது. பிறகு அவர்கள் இலங்கைத்துறைக்குக் குடிபோனார்கள். அங்கே இப்போது சிவப்பு ஓட்டோவின் சத்தம் கேட்டால் ஆடு மாடெல்லாம் வழி விடுகிறதாம். தம்பிராசா புதிய உதவியாளரைத் தேடவில்லை. அவளுடைய வாய் ஓய்ந்து நிம்மதியாக இருக்கிறது என்று சொல்கிறார். ஆனால் கிழமைக்கு ஒருக்கால் பஸ் ஏறி இலங்கைத்துறை போய் வருகிறார்.

முகத்துவாரத்துக்குப் போகவிருந்த சூட்கேஸ்கள் திரும்பவும் அலுமாரிக்கு மேல் ஏறின. அஞ்சலோ ரேடியேற்றருக்குக் கையால் திறக்கக்கூடிய புது மூடி வாங்கிப் போட்டார். இப்போது தினமும் விடிய றோஸ்தான் பொனட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்து, “கழுத்து மட்டும்” என்கிறாள். அதன் பிறகுதான் அவர் திறப்பைத் திருப்புகிறார்.

மான் ஒரு கிழமை வந்து மட்கார்ட்டை முகர்ந்து பார்த்தது. பிறகு அதுவும் இடம் மாறிவிட்டது, என் செவ்வரத்தைக்கு. நான் கொடுத்த இரண்டு கிளாஸும் இன்னும் திரும்பி வரவில்லை.